ஏற்காட்டுத் தோட்டத்துக்கு எந்த பிக்அப்? முதலில் பாடி, அப்புறம்தான் ஃபோர் வீல்

எங்கள் குடும்பத்தில் சில வாரங்களாக ஓடுகிற வாக்குவாதம் இது. நாகலூர் பக்கம் இருக்கும் காபித் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு பிக்அப் எடுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு மூட்டை ஏற வேண்டும், ஆட்கள் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அவர் மகன், எனக்குத் தம்பி முறை, சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்பவும் அதே வண்டி ஆக வேண்டும் அவனுக்கு. ஆட்டோமேட்டிக்காக இருந்தால் இன்னும் சந்தோஷம். "ஏப்பா, எடுக்கறதே ஒரு தடவ, நல்லதா எடுத்துருவோம்" என்கிறான். "நல்லதுன்னா எதுக்கு நல்லது? அதச் சொல்லு கண்ணு மொதல்ல" என்கிறார் பெரியப்பா. இவர்கள் இருவரும் நாலு சக்கர இழுவையில் எது உசத்தி என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வர வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதைக்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்லை. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். ஆனால் நெடுகத் தார் ரோடு. அரசுப் பேருந்து பின் சக்கரங்களின் இழுவையை மட்டும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏறி இறங்குகிறது. இறங்கும்போதும் அப்படித்தான். பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. நான்கையும் இழுக்க வைப்பதால் தார் ரோட்டில் வண்டி சீக்கிரம் நிற்காது. லோடோடு இறங்கும்போது காப்பாற்றுவது சின்ன கியரும் எஞ்சின் பிடிப்பும்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, எந்த டிரைவ் இருந்தவரும் கீழேதான் நின்றார்கள்.

தேவை எங்கே வருகிறது என்றால், தார் ரோட்டிலிருந்து பிரிந்து களத்துக்குப் போகிற அந்தக் கடைசி மண் பாதையில். சேர்வராயன் மலையின் சிவப்பு மண்ணை ஏற்காட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டாம். வெயிலில் கெட்டி, இரண்டு நாள் மழைக்கு அப்புறம் வழுக்கல். இதில் சங்கடம் என்னவென்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அராபிகா பழம் பறிப்பு நவம்பரில் சூடுபிடித்து ஜனவரி தாண்டி ஓடும். பாதை மோசமாக இருக்கும் மாதமும் லோடு அதிகமாக இருக்கும் மாதமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பறித்த பழத்தை அன்றன்றைக்கே தோல் உரிக்க வேண்டும், போட்டு வைத்தால் புளித்துப்போகும். ஆகவே நாளைக்கு வெயில் அடிக்கட்டும் என்று தள்ளிப்போடவும் முடியாது.

இங்கே யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் களம் ரோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? பிக்அப்பின் பின்பக்கம் காலியாக இருந்தால் லேசாக இருக்கும். பின் சக்கர இழுவை உள்ள வண்டி ஈர மண்ணில் காலியாக ஏறும்போது சக்கரம் சும்மா சுற்றும். அதே வண்டியில் அரை டன் ஏற்றினால் பாரம் சக்கரத்தை அழுத்தி, ஏறிவிடும். களம் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருந்தால் வண்டி லோடோடு ஏறுகிறது. பிடிப்பு இருக்கும், ஆனால் மெதுவாக இழுக்கும் பலம் வேண்டும். களம் மேலே இருந்தால் காலியாக ஏறி, லோடோடு இறங்க வேண்டும். ஏறும்போது வழுக்கும், இறங்கும்போது பின் சக்கரம் மட்டும் எஞ்சின் பிடிப்பில் நின்று மண்ணில் சறுக்கும். எங்கள் தோட்டம் இந்த இரண்டாவது ரகம். இப்படிப்பட்ட பாதைக்குத்தான் நான்கு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற வண்டிக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. தோட்டம் தார் ரோட்டை ஒட்டியே இருக்கிறவர்கள் இந்தப் பேச்சை இதோடு நிறுத்திவிட்டுச் சாதாரண டூ வீல் டிரைவ் எடுத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் களத்துக்குச் சிமென்ட் போடலாம்.

சரி, ஃபோர் வீல் என்று முடிவானால் எந்த வகை? மூன்று வகை பற்றிப் பேசுவார்கள். இந்தியாவில் பிக்அப் வாங்குகிறவருக்கு நடைமுறையில் ஒன்றுதான்.

அது பார்ட்-டைம். சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். வேண்டும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிற கூடுதல் கியர் பெட்டி முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர ஏற்பாடு, கிடையாது. அதனால் மண்ணில் பிரமாதமாகப் பிடிக்கும், காய்ந்த தாரில் வம்பு பண்ணும். வளைவில் முன் சக்கரம் வெளிவட்டத்தில் போவதால் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டையும் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் எங்கும் போக வழியில்லாமல் ஷாஃப்டில் முறுக்காக ஏறும். ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், கியர்களில் பாரம் விழும். கொண்டை ஊசி வளைவில் இது இன்னும் மோசம். மலை ஏறுகிறோமே என்று அடிவாரத்திலேயே 4 ஹெச், அதாவது சாதாரண வேகத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை, போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால், தயவுசெய்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஃபுல்-டைம் வகையில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும், தாரிலும் எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும். மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கெட்டிக்கார ஏற்பாடு; அவர்களுடைய டிரைட்டன் பிக்அப்பில் வருகிறது, நம் ஊரில் கிடைக்காது. மூன்றாவது, சக்கரம் வழுக்கினால் தானாக மற்ற அச்சுக்குச் சக்தி அனுப்பும் கார் ரக ஏற்பாடு. தம்பி இதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறான், நண்பனின் எஸ்யூவியில் ஓட்டிப் பார்த்திருக்கிறான். அந்த ரகத்தில் பொதுவாக லோ ரேஞ்ச் இருக்காது. நமக்கு வேண்டியதே அதுதான்.

லோ ரேஞ்ச், அதாவது 4 எல், கியர் விகிதத்தைச் சுமார் இரண்டரை மடங்கு கீழே இறக்கும். ஆள் நடக்கிற வேகத்தில், ஹாஃப் கிளட்ச் போட்டுக் கருக்காமல், லோடோடு செங்குத்தில் நகரலாம். இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் நான்கு சக்கரமும் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு ஊரும். எஞ்சின் 200 குதிரைத்திறனா 75 குதிரைத்திறனா என்பது நெடுஞ்சாலையில் முந்தும்போது தெரியும். களத்துப் பாதையில் லோ ரேஞ்ச் போட்ட பிறகு அந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

பார்ட்-டைமுக்குள்ளேயே மாற்றும் விதம் வேறுபடும். ஒன்று தரையில் இருக்கும் லீவர். இன்னொன்று டேஷ்போர்டில் திருப்புகிற நாப், உள்ளே மின்மோட்டார் வேலை செய்யும். நாப் வசதி, ஓடிக்கொண்டிருக்கும்போதே 2 ஹெச்சிலிருந்து 4 ஹெச் போகலாம், 4 எல்லுக்கு மட்டும் நிறுத்த வேண்டும். லீவர் கொஞ்சம் முரடு. ஆனால் வருடத்தில் ஒன்பது மாதம் தொடாமல் கிடந்து, மழைக்காலத்தில் திடீரென்று வேலை சொல்லப்படும் சாமானுக்கு, ஒயரும் சென்சாரும் குறைவாக இருப்பது நல்லது என்பது என் எண்ணம். எதுவானாலும் மாதம் ஒரு முறை மண் தரையில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், உள்ளே எண்ணெய் ஓடட்டும்.

விற்பனையாளர் சொல்லாத இன்னொன்று. நான்கு சக்கர இழுவை இருந்தும் வண்டி மாட்டும். சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே சுழற்சியைக் கொடுத்துவிடும். பாதையில் தண்ணீர் ஓடி ஓடிக் குறுக்கே பள்ளம் விழுந்த இடத்தில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கச் சக்கரமும் அந்தரத்தில் தொங்கினால் கதை முடிந்தது. இதற்கு மருந்து, இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் பின் டிஃபரன்ஷியல் லாக். அது இல்லாவிட்டால், சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்தும் டிராக்‌ஷன் கன்ட்ரோல். ஷோரூமில் பாட்டுப்பெட்டி எத்தனை அங்குலம் என்று கேட்கும் முன் இதைக் கேளுங்கள்.

இப்போது பாடிக்கு வருகிறேன். எங்கள் சண்டை நியாயமாக இங்கே தொடங்கியிருக்க வேண்டும்.

சிங்கிள் கேபினில் லோடு பாடி நீளம், 8 அடி, 9 அடி, மகிந்திராவின் பொலிரோ மேக்ஸ் ஹெச்டியில் 10 அடி வரைக்கும். டபுள் கேபினில் பாடி 5 அடியைச் சுற்றி. எல்லாரும் இந்த நீளத்தை மட்டும் ஒப்பிடுவார்கள். பாரம் எங்கே விழுகிறது என்பது அதைவிட முக்கியம். சிங்கிள் கேபினில் பாடியின் பெரும்பகுதி பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது, பாரம் இரண்டு அச்சுக்கும் பிரிந்து போகும். டபுள் கேபினில் இரண்டாவது வரிசை சீட் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பாடி பின்னால் தள்ளப்பட்டு, பாரம் பின் அச்சின் மேலேயோ அதற்கும் பின்னாலேயோ விழும். செங்குத்தில் ஏறும்போது முன்பக்கம் லேசாகும். ஸ்டியரிங் பிடிப்பு குறையும், முன் சக்கர இழுவையும் குறையும். ஃபோர் வீலுக்குக் கொடுத்த பணத்தில் பாதி அங்கே காற்றில் போகிறது. ஆகவே டபுள் கேபினில் கனமான மூட்டையைக் கேபினை ஒட்டி அடுக்க வேண்டும், பேக் டோர் பக்கம் அல்ல. மிக நீளமான சிங்கிள் கேபினுக்கு வேறு தொல்லை: அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால், ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பும் மேட்டில் உரசும்.

மூன்று பக்கமும் டோர் இறங்கும் தட்டையான பாடி தோட்ட வேலைக்கு அருமை. உரமூட்டையைப் பக்கவாட்டிலிருந்து இறக்கலாம், ஆரஞ்சுக் கூடையை வரிசையாக வைக்கலாம், உள்ளே சக்கர மேடு இடத்தை அடைக்காது. சவுக்குக்கட்டை, சில்வர் ஓக் கட்டை என்றால் பேச்சே இல்லை. வெறும் கேபின் சேசிஸாக வாங்கி, நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ நமக்குப் பிடித்தபடி பாடி கட்டிக்கொள்ளவும் வழியிருக்கிறது. நம் பக்கத்தில் அந்தத் தொழிலுக்குக் கைதேர்ந்த ஆட்களுக்குப் பஞ்சமா?

அப்படியானால் சிங்கிள் கேபின் என்று முடித்துவிடலாமே? முடியவில்லை, ஆட்கள் இருக்கிறார்கள். பறிப்புக் காலத்தில் காலையில் ஆட்களை ஏற்றிப் போக வேண்டும். சரக்குப் பாடியில் ஆட்களை நிற்க வைத்துக் கூட்டிப்போவது மலையில் எல்லாரும் செய்வதுதான். சட்டப்படி குற்றம், விபத்தானால் காப்பீடு கைவிரிக்கும், அதற்கும் மேலே உயிர் விஷயம். டபுள் கேபினில் டிரைவரோடு ஐந்து பேர் பெல்ட் போட்டு உட்காரலாம். பத்துப் பேருக்கு மூன்று நடை அடிக்கலாம். பெரியப்பா டபுள் கேபின் கேட்பதற்கு இதுதான் காரணம், தம்பி கேட்பதற்குக் காரணம் வேறு. ஒரே முடிவுக்கு இரண்டு வழியில் வந்து நின்றுகொண்டு சண்டை போடுகிறார்கள் என்றால் எங்கள் குடும்பத்தை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

இனி வண்டிகள், மொத்தம் நான்கு. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸில் 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மேனுவலும் உண்டு, ஆட்டோமேட்டிக்கும் உண்டு, ஃபோர் வீல் நாப்பில். டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் இங்கே வந்தது: 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், பின் டிஃபரன்ஷியல் லாக்கும் சேர்த்து. இயந்திரமாகப் பார்த்தால் நால்வரில் இதுவே மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டுமே ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளம். கொண்டை ஊசி வளைவில் அது பிரச்சினையில்லை, பேருந்தே திரும்புகிறது. தோட்டத்துக்குள் முட்டுச்சந்தில் திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸில் வர வேண்டியிருக்கும்போதுதான் தெரியும். அப்புறம், இவற்றின் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து, ஐந்து பேரின் எடையையும் கழித்தால் மூட்டைக்கு மிஞ்சுவது சில நூறு கிலோதான். யூரியா மூட்டை 45 கிலோ, சிமென்ட் மூட்டை 50 கிலோ. நீங்களே கணக்குப் போடுங்கள்.

மகிந்திரா பொலிரோ கேம்பர் டபுள் கேபினில் சுமார் ஒரு டன் ஏற்றலாம், ஃபோர் வீல் வகையும் உண்டு. 2.5 லிட்டர் எஞ்சின், 75 குதிரைத்திறன். அடிவாரத்திலிருந்து மேலே போகும்வரை பின்னால் ஒரு காரும் ஹாரன் அடிக்காமல் இருக்காது. டாடா யோதாவில் 2.2 லிட்டர், 100 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். அதிலும் டபுள் கேபினும் ஃபோர் பை ஃபோரும் கிடைக்கும். இரண்டும் மேனுவல் மட்டுமே. உள்ளே சத்தம், பின்னால் லீஃப் ஸ்பிரிங் காலியாக இருக்கும்போது தூக்கிப் போடும். லீஃப் ஸ்பிரிங் வி-கிராஸிலும் ஹைலக்ஸிலும்கூடத்தான் என்பதைத் தம்பிக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஒரு ஹைலக்ஸ் வாங்கும் பணத்தில் கேம்பரோ யோதாவோ இரண்டு வாங்கி மீதியும் பார்க்கலாம். சாமான் சேலத்தில் கடைக்குக் கடை கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பயமில்லாமல் கை வைப்பார்.

காகித வேலையில் வித்தியாசம் பெரிது. வி-கிராஸும் ஹைலக்ஸும் வெள்ளை போர்டில் சொந்த வண்டியாகப் பதிவாகும். 15 வருடத்துக்குக் கவலையில்லை, ஆனால் கூலிக்கு லோடு அடிக்க முடியாது. சரக்கு வண்டியாகப் பதிவானால் மஞ்சள் போர்டு, எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி (தகுதிச் சான்று), அதற்கப்புறம் வருடா வருடம். மூன்றாம் நபர் காப்பீடும் சொந்த வண்டியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். மறுபக்கம், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம்; 1.7 டன், 2 டன் ஏற்றும் பிக்அப்புகள் அந்த எல்லையைத் தாண்டிவிடும். சரக்கு வண்டிகளின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஓட்ட பேட்ஜ் என்கிற தனி அனுமதி வேண்டுமே என்ற பயமும் இனி வேண்டாம்: மொத்த எடை 7,500 கிலோவுக்குட்பட்ட வண்டியைச் சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

என் கை எந்தப் பக்கம் என்று கேட்டால், எங்கள் தோட்டத்துக்கு டபுள் கேபின் கேம்பர் ஃபோர் வீல். யோதாவை ஓட்டிப் பார்த்துப் பெரியப்பாவுக்கு அது பிடித்தால் அதற்கும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன், எஞ்சினில் கொஞ்சம் கூடுதல் தெம்பு இருக்கிறது. தம்பிக்கு வி-கிராஸ்தான் வேண்டும் என்றால் அதை அவன் குடும்ப வண்டியாக, அவன் காசில், அஸ்தம்பட்டியில் வைத்துக்கொள்ளட்டும்; தோட்டத்தின் பெயரைச் சொல்லி வாங்க வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் நகரத்தில் ஓடி, இரண்டு நாள் மலைக்கு வரும் ஆளுக்கு அது நல்ல வண்டி. கட்டையும் உரமும் மட்டுமே ஏற்றி, ஆட்களை ஏற்றாதவர்கள் சிங்கிள் கேபினில் தட்டைப் பாடி எடுப்பதே உத்தமம். பெரிய தோட்டக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: உள்ளே ஓட்ட ஒரு பழைய மகிந்திரா ஜீப், ரோட்டோரக் கொட்டகையிலிருந்து சேலத்துக்கு இறக்க ஒரு டூ வீல் பிக்அப். செலவு குறைவு, ஆனால் மழையில் இரண்டு முறை மூட்டை மாற்றும் கூலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதை எடுத்தாலும் டயருக்கு என்று தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். ஷோரூமில் வருவது பெரும்பாலும் தார் ரோட்டுக்கான டயர். அந்தச் சிவப்பு மண் அதன் பள்ளங்களில் அப்பிக்கொண்டால் ஃபோர் வீல் இருந்தும் நான்கும் சேர்ந்து வழுக்கும். ஆல் டெரெய்ன் டயர் போதும், அதைவிட முரடான மண் டயர் மலைப்பாதையின் ஈரத் தாரில் பிடிப்புக் குறைவு, இரைச்சலும் அதிகம். மாற்றினால் நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். இரண்டு புதுசும் இரண்டு தேய்ந்ததும் போட்டால் சுற்றளவு வேறுபட்டு, 4 ஹெச் போட்டதும் நேர்பாதையிலேயே அந்த முறுக்கு ஏறத் தொடங்கும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும்.